சீசா, ஏ-ஃபிரேம், நடைபாலம்: நன்கொடை வேண்டுகோள்

மாலையில் நாயோடு மைதானத்துக்கு வருபவர்களுக்கும், நாய் இல்லாமல் வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கும் வணக்கம்.

மைதானத்தின் மேற்கு மூலையில் ஞாயிறுதோறும் நடக்கும் அஜிலிட்டி பயிற்சியைப் பார்த்திருப்பீர்கள். நாய் தடை தாண்டும், குழாய்க்குள் நுழையும், கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓடும். வளர்ப்பவர் கையை நீட்டியபடி கூடவே மூச்சு வாங்க ஓடுவார். 1978-ல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்தை உட்கார வைக்க, குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து உருவாக்கியது இது. இன்று உலகப் போட்டியே நடக்கிறது. நம்மிடம் இருப்பதோ செங்கல் மேல் வைத்த மூங்கில் கழிகள்தான்.

தாண்டும் தடைகளுக்குப் பணம் கேட்கவில்லை. பிவிசி பைப் வாங்கி நாங்களே செய்துகொள்வோம். குறுக்குக் கழி காலில் பட்டதும் கழன்று விழ வேண்டும், அதுதான் முக்கியம். இறுக்கிக் கட்டிய கழி நாயின் காலைப் பதம் பார்த்துவிடும். பன்னாட்டு விதிப்படி சிறிய நாய்களுக்கு 25 முதல் 30 செ.மீ., பெரிய நாய்களுக்கு 55 முதல் 60 செ.மீ. உயரம். நம் சிப்பிப்பாறைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பக் நாய்களுக்கு 25 செ.மீ. என்பதே பெரிய விஷயம்.

செலவு வைப்பவை நாய் ஏறி இறங்கும் மூன்று சாதனங்கள். ஏ-ஃபிரேம் என்பது உச்சியில் சேரும் இரண்டு சரிவுப் பலகைகள், உச்சி 1.70 மீட்டர் உயரம். நடைபாலம் 1.2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கும், அகலம் 30 செ.மீ. மட்டுமே. அதில் ஒரு நாய் முழு வேகத்தில் ஓடும். சீசாவும் அதே அகலம்தான், ஆனால் காலடியில் சாயும். மூன்றிலும் அடிப்பகுதிக்கு வேறு நிறம் அடித்திருப்பார்கள். இறங்கும்போது அந்த நிறத்தில் ஒரு பாதமாவது படாவிட்டால் 5 தவறுப் புள்ளி. உச்சியிலிருந்தே குதித்துத் தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி.

"பூங்காவில் இருக்கிற மாதிரி ஒரு சீசா வாங்கிப் போட்டால் போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். போதாது. பலகை சாயும் பக்கத்தின் நடுவில் ஒரு கிலோ எடையை வைத்தால், 2 முதல் 3 நொடிக்குள் முனை தரையைத் தொட வேண்டும். அதைவிட மெதுவாகச் சாய்ந்தால் குட்டி நாய் அந்தரத்தில் நிற்கும். வேகமாகச் சாய்ந்தால் படாரென்று அடித்து, பயந்த நாய் அப்புறம் அந்தப் பக்கமே வராது. இந்தச் சமநிலைக்குத்தான் பட்டறையில் கூலி அதிகம்.

மேற்பரப்பும் அப்படித்தான். வெறும் இரும்புத் தகடு நம் வெயிலில் பாதத்தைச் சுட்டுவிடும். சாதாரண பிளைவுட் ஐப்பசி மழையில் உப்பிவிடும். பெயின்ட் மட்டும் அடித்தால் பனி ஈரத்தில் வழுக்கும். அதனால் ஜி.ஐ. பைப் சட்டம், மேலே மெரைன் பிளைவுட், அதன்மேல் ரப்பர் துகள் பூச்சு என்று முடிவு செய்திருக்கிறோம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க எங்களுக்கு மனமில்லை.

கணக்கு இதுதான்: ஏ-ஃபிரேம் 36,000 ரூபாய், நடைபாலம் 45,000, சீசா 24,000. இவற்றோடு 60 செ.மீ. இடைவெளியில் நாய் வளைந்து ஓடும் 12 வீவ் கம்பங்கள், தட்டையான அடிச்சட்டத்துடன் 13,000. உருளாமல் பிடித்துவைக்கும் மணல் பைகளோடு ஒரு டனல் (நாய் நுழைந்து ஓடும் குழாய்) 22,000. ஆக 1,40,000. குழுவினர் தங்களுக்குள் போட்டது 52,000. தேவை இன்னும் 88,000 ரூபாய்.

முனையில் துணி தொங்கும் பழைய வகை டனலைத் தைத்துத் தருவதாக ஒருவர் அன்போடு சொன்னார். நன்றி, ஆனால் வேண்டாம். நாய் துணியில் சிக்கிப் புரண்டு அடிபடுவதால் அமெரிக்கன் கென்னல் கிளப் 2016-லேயே அதைப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டது.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. வெல்டிங் தெரிந்தவர் இரண்டு நாள் வரலாம், மினி லாரி வைத்திருப்பவர் ஒரு நடை ஓட்டித் தரலாம். மழைக்காலத்தில் பலகைகளை அடுக்க ஒரு ஷெட் கிடைத்தால் அது பெரிய உதவி. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: எங்கள் குழு பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல, நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடைக்காது. ரசீது உண்டு. ஒவ்வொரு பில்லும் மைதான அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கொடுத்தவர் பெயரைச் சாதனங்களில் எழுத மாட்டோம். நாய்கள் மிதிக்கும் இடத்தில் பெயர் இருப்பது யாருக்கும் மரியாதை இல்லை.

சாதனங்கள் வந்ததும் எந்த நாயும் பயிற்சிக்கு வரலாம். வம்சச் சான்றிதழ் கேட்க மாட்டோம். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்கள்தான் இப்போதே எங்கள் கூட்டத்தில் பாதி. 18 மாதம் ஆகாத குட்டிகளை மட்டும் உயரம் தாண்ட விடமாட்டோம். தரையில் போட்ட கழிகளில் நடந்து பழகட்டும்.

பட்டறைக்காரர் வேலைக்கு ஒரு மாதம் கேட்கிறார். மழைக்கு முன் முடிய வேண்டுமென்றால் ஆவணி கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். ஞாயிறு மாலை 5 மணிக்குப் பயிற்சி இடத்தில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். 100 ரூபாயும் வாங்கிக்கொள்வோம்.

அன்புடன்,
அஜிலிட்டி பயிற்சிக் குழுவினர்