ஓட வைக்கும் முன் நிறுத்தக் கற்றுக்கொடுங்கள்: டிராக்டர் தானியங்கி கிட் உருவாக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் சொந்த நிலத்தில் பயிர் செய்துகொண்டு, டிராக்டரை வாடகைக்கும் ஓட்டி வருகிறவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஓட்டுநர் இல்லாத டிராக்டரை மகிந்திரா நிறுவனம் சென்னை அருகேயுள்ள தன் ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கி 2017இல் காட்சிப்படுத்தியது. ஜான் டீர் நிறுவனம் 2025 தொடக்கத்தில், ஏற்கெனவே விற்பனையான சில மாடல்களிலும் பொருத்தக்கூடிய 16 கேமரா கொண்ட, வண்டியைத் தானே ஓட வைக்கும் கிட்டை (கருவித் தொகுப்பை) அறிவித்தது. அத்தகைய நவீன வண்டிகள் கணினி இடும் கட்டளைக்கு இயல்பாகவே பணியக்கூடியவை. எங்கள் ஊர்களில் உழுதுகொண்டிருக்கும் பழைய வண்டிகளிலோ காலால் மிதிப்பதும் கையால் இழுப்பதும்தான் கட்டுப்பாடு. அவற்றுக்கு நீங்கள் கிட் செய்ய முன்வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் ஸ்டீயரிங்கைத் திருப்பும் மோட்டாருக்குச் செலவிடும் உழைப்பை, அதற்கு முன்பாக, வண்டியை நிறுத்தும் வழிக்குச் செலவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பழைய டீசல் என்ஜின் சாவியைத் திருப்பினால் அணையாது. ஸ்டாப் குமிழை இழுத்து டீசலை அடைத்தால்தான் அணையும். ஆகவே உங்கள் கிட்டின் சிவப்புப் பொத்தான் கிட்டின் மின்சாரத்தை மட்டும் துண்டித்தால், ஸ்டீயரிங் கைவிடப்பட்ட நிலையில் வண்டி தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் இருக்கும் வரை டீசலைத் திறந்து வைத்து, வயர் அறுந்தாலோ பேட்டரி கழன்றாலோ தானாக அடைத்துவிடும் வால்வையே பொருத்துங்கள். கிளட்சை மட்டும் அமுக்கி நிறுத்தும் ஏற்பாடும் போதாது. இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி அமுக்கினால் சக்கரம் நிற்கும், பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிற்காது, அதற்குத் தனி நெம்புகோல் உள்ள வண்டியில் கிளட்சை முழுவதும் அமுக்கினாலும் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) சுற்றிக்கொண்டேயிருக்கும். சரிவில் கிளட்சை அமுக்கிய வண்டி உருளவும் செய்யும். டீசலை அடைப்பதும் பிரேக் பிடிப்பதும் ஒருசேர நடக்க வேண்டும்.

கேமராவையும் சென்சாரையும் முன்பக்கம் பார்த்து வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். எங்கள் வயல்களில் ஆபத்து பெரும்பாலும் பின்பக்கம்தான். உழும் வண்டிக்குப் பின்னால் சாலில் விதை போட்டுக்கொண்டு பெண்கள் நடப்பார்கள், பிள்ளைகள் ஓடிவருவார்கள், கலப்பையில் சிக்கிய கொடியை எடுக்க யாராவது குனிவார். அவர்களைக் கண்டதும் நிற்காத வண்டியை எந்த நிலத்திலும் ஆளில்லாமல் இறக்கக் கூடாது.

வழிகாட்டுதலைப் பொறுத்தவரை, சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும் என்பதும், தரையில் நிலையாக வைத்த கருவியிலிருந்து வரும் ஆர்.டி.கே. திருத்தம் கிடைத்தால் அது ஓரிரு சென்டிமீட்டராகக் குறையும் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவை. ஆனால் 2.5 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த வண்டியின் ஒரு சக்கரம் சாலில் இறங்கி 5 பாகை சாய்ந்தால், ஆன்டெனா மட்டும் சுமார் 22 சென்டிமீட்டர் விலகிவிடுகிறது. சாய்வைக் கணக்கிட்டுத் திருத்தாத கிட், கரும்புக்குப் பார் பிடிக்கவோ நிலக்கடலைக்கு வரிசை போடவோ உதவாது. வண்டியைக் கல்லூரித் திடலில் ஓட்டிப் பார்ப்பதோடு விடாமல், தென்னந்தோப்பின் நிழலிலும், கேஜ் வீல் (கூண்டு போன்ற இரும்புச் சக்கரம்) போட்ட சேற்றுழவிலும் ஓட்டிப் பாருங்கள்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர். இவ்வளவு சிறிய நிலத்தில் வரப்போரம் திரும்புவதிலேயே நேரம் போகிறது. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் பொதுச்சாலை வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. எனவே ஓட்டுநர் எப்படியும் தேவைப்படுவார். அவர் இருக்கையில் இருக்கும்போதே நேர்கோட்டில் ஓட்டித் தந்து, அவருடைய தோளுக்கும் கண்ணுக்கும் ஓய்வு தரும் கிட்டை முதலில் கொண்டுவாருங்கள். வரிசை நேராக இருந்தால் பின்னால் களையெடுக்கும் கருவியும் பயிரைச் சேதப்படுத்தாமல் போகும். ஆளில்லா ஓட்டம் அதற்கடுத்த கட்டமாக இருக்கட்டும்.

கனடாவில் பிரையன் டிஷ்லர் என்ற விவசாயி உருவாக்கிய, டிராக்டருக்கு வழிகாட்டும் அக்ஓப்பன்ஜி.பி.எஸ். மென்பொருளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். உங்கள் கிட்டும் அதுபோல் திறந்ததாக இருக்க வேண்டும். அறுவடை நேரத்தில் ஒரு சென்சார் பழுதானால், நகரத்திலிருந்து ஆள் வரும் வரை நாங்கள் காத்திருக்க இயலாது. வயரிங் வரைபடத்தைத் தமிழில் கொடுங்கள், பக்கத்து ஊர் மெக்கானிக் பார்த்துச் சரிசெய்யும்படி இணைப்புகளை அமையுங்கள், கிட்டை ஒரே நெம்புகோலில் விடுவித்து வண்டியைப் பழையபடி கையால் ஓட்டிச் செல்லும் வசதியையும் தவறாமல் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டிராக்டர் உரிமையாளர்,
விழுப்புரம் மாவட்டம்.