அடக்கி வைக்காதே தாயி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் போட்டால் "டூட்டியில இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று விசாரணை வைக்காதே, அந்தப் போலீஸ் புத்தியை என்னிடம் காட்டாதே. வெறும் காய்ச்சல் என்றால் எழுதியிருக்க மாட்டேன். குளிர் நடுக்கத்தோடு, வலது விலாவுக்குப் பின்னால் கையை அழுத்திக்கொண்டு கிடந்தாயாம். அது நீர்க்கடுப்பு முற்றி மேலே சிறுநீரகம் வரை ஏறின காய்ச்சல். சப்சென்டரில் நர்ஸாக வேலை பார்த்த காலமெல்லாம் எத்தனை பேரை இப்படி ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

உன் அப்பத்தா இருந்திருந்தால் கால் கட்டைவிரலில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு ஆச்சு என்று சொல்லியிருக்கும். நீயும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கின மாத்திரையை, எரிச்சல் நின்றதும் பாதியில் விட்டிருக்கிறாய்.

பொம்பளைக்குச் சிறுநீர் வெளியே வருகிற குழாய் 4 சென்டிமீட்டர்தான். ஆம்பளைக்கு 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். நமக்கு அந்த வாசல் பிறப்புறுப்புக்கு முன்னால் இருக்கிறது, மலவாயும் தள்ளி இல்லை. குடலில் சும்மா கிடக்கிற ஈ.கோலை கிருமிக்கு இதெல்லாம் ஒரு தூரமா? நேரத்துக்கு ஒன்னுக்குப் போனால் போகிற வேகத்திலேயே கிருமியும் அடித்துக்கொண்டு போய்விடும். நீ அடக்கினால் சிறுநீர்ப்பையிலேயே தங்கிப் பெருகும். பையிலிருந்து சிறுநீரகத்துக்கு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய், 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். பைச் சுவருக்குள் அவை சாய்வாக நுழைவதால், பை நிறைய நிறைய அழுந்தி மூடிக்கொள்ளும், நீர் திரும்ப மேலே ஏறாது. ஆனால் எல்லா நேரமும் அது காப்பாற்றாது. உனக்குக் காப்பாற்றவில்லை.

பை கொள்வது 400, 500 மில்லிதான். பாதி நிறையும் முன்பே மூளைக்குச் சொல்லிவிடும். அதைக் கேட்காமல் விடிகாலையிலிருந்து மத்தியானம் வரை பந்தோபஸ்தில் நிற்கிறாய். போகவேண்டி வரும் என்று தண்ணீரே குடிக்காமல் போகிறாயாமே? அது அடக்குவதைவிட மோசம். தண்ணீர் குடி. அடக்காதே.

உன்னை மட்டும் திட்டி என்ன செய்ய. 1973-ல் நம் மாநிலத்தில் பெண்களைப் போலீஸில் எடுக்க ஆரம்பித்தார்கள். 2021-ல்தான், முதலமைச்சர் போகிற வழியில் பெண் போலீஸை ரோட்டோரம் நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அப்போ கட்சிக் கூட்டத்துக்கு? திருவிழாவுக்கு? அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ராத்திரி பூரா நிற்கிற பிள்ளைகள் எங்கே போகும்? பெல்ட்டைக் கழற்றி, விசில் கயிற்றைக் கழற்றி, சட்டையை வெளியே எடுத்து, மறுபடி மாட்டி வருவதற்குள் ஆள் எங்கே என்று மைக்கில் கேட்பார்கள் என்று நீதானே சொன்னாய். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேள் தாயி. நான் பீல்டுக்குப் போன ஊரில் எந்த வீட்டிலும் இல்லையென்று சொன்னதில்லை. காக்கிச் சட்டைக்கா சொல்லப் போகிறார்கள்? பரேடில் நீ நிற்கிற போட்டோவைத் தெருவெல்லாம் காட்டியிருக்கிறேன், அந்தப் பிள்ளைக்கு இதற்கு என்ன கூச்சம்?

அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுதச் சொன்னார். நன்றாக இல்லை. ராத்திரி எழுந்து எழுந்து போகிறார், போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான். ஆம்பளைக்குப் பைக்குக் கீழே, அந்தக் குழாயைச் சுற்றிப் பெரிய நெல்லிக்காய் அளவில் ப்ராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. வயசானால் அது வீங்கிக் குழாயை நெருக்கும். டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? நீ சொன்னால் கேட்பார், சொல்.

இன்னொன்று. நமக்குக் கர்ப்பப்பை சிறுநீர்ப்பையின் மேலேயே சாய்ந்து கிடக்கிறது. உண்டானால் மேலேயிருந்து வரும் குழாய்கள் தளர்ந்து விரியும், கர்ப்பப்பை வளர வளர அவற்றை அழுத்தும், அதுவும் வலது பக்கம் அதிகம். நீர் தேங்கும். எரிச்சலே இல்லாமல் கிருமி மட்டும் இருக்கும், அதனால்தான் முதல் தடவை வந்ததுமே யூரின் டெஸ்ட் எழுதுவோம். விட்டால் குறைமாசத்தில் வலி எடுக்கும். அப்போது எல்லா மாத்திரையும் சாப்பிடக் கூடாது. இதைப் பொதுவாகத்தான் சொல்கிறேன். நீ தலைக்குக் குளித்தாயா என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடமும் கேட்கவில்லை. போன தடவை வந்தபோது கருவாட்டுக் குழம்பைக் கண்டு எழுந்து போனாயே, அதையும் கேட்கவில்லை.

நாளைக்கே லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து யூரின் கல்ச்சருக்குக் கொடு, என்ன கிருமி என்று அதில்தான் தெரியும். அப்புறம் மாத்திரை. கொடுத்ததை முழுசாகச் சாப்பிடு. தண்ணீர் குடி. டாக்டர் கேட்கும் முதல் கேள்வி ஒரு தேதி. அவரிடம் சொல்லும்போது எனக்கும் அதை வாட்ஸப்பில் போட்டுவிடு. வேறு எதுவும் எழுத வேண்டாம், தேதி போதும்.

அம்மா