கிரகணமும் கர்ப்பிணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தன்று எங்கள் மொட்டை மாடியில் ஒரே கூட்டம். கீழ்வீட்டில் ஒரு கர்ப்பிணியை மட்டும் ஜன்னலை மூடி, தண்ணீர்கூடக் கொடுக்காமல் உட்கார வைத்திருந்தார்கள். மனசு பொறுக்கவில்லை.

சந்திரன் மேல் விழுவது பூமியின் நிழல். சிவப்பாகத் தெரிவது, நம் காற்றுமண்டலம் வளைத்து அனுப்பும் சூரிய ஒளி. இதில் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆபத்து? பஞ்சாங்கம் கணிக்கும் ராகு, கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள்தான். வழக்கப்படி உலக்கையைச் செங்குத்தாக நிறுத்துங்கள், சாப்பாட்டில் தர்ப்பை போடுங்கள், சரி. தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

2028 டிசம்பர் 31 இரவு சென்னையில் மறுபடியும் முழு கிரகணம் தெரியும். அதற்குள் நகர்ப்புற சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளிடமும், முக்கியமாக அவர்களுடைய மாமியார்களிடமும், செவிலியர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

- ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை