ஆண்டறிக்கை 2025–26: இரண்டு கிரகணமும் ஒரு பாலமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ராமநாதபுரம், கீழக்கரை, தேவிபட்டினம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நம் புகைப்படக் கலைஞர்கள் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாளன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். அடையாள அட்டை புதுப்பிக்காதவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். யார் யார் என்று அவர்களுக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு நாம் கண்விழித்தது, கூடிப் பேசியது, சண்டை போட்டுக்கொண்டது எல்லாமே நிலவுக்காகத்தான். ஆகவே மீதி அறிக்கையும் அதைப் பற்றியதே.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு முழுச் சந்திர கிரகணம். ஆவணி மாதம்தான், ஆனாலும் கிரகண நாளில் யார் கல்யாணம் வைப்பார்கள்? வருமானம் போனாலும், முகூர்த்தக் காலத்தில் இத்தனை பேர் ஒரே இடத்தில் கூட முடிந்தது அன்று ஒருநாள்தான்.

இடம் தேர்வு செய்வதிலேயே நிறைய விவாதம். தனுஷ்கோடிதான் வேண்டும் என்று மூத்தவர்கள் நின்றார்கள். 2010 ஜனவரி 15 அன்று கங்கண (வளைய) சூரிய கிரகணத்தை அங்கே நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஆசை விடாது. ஆனால் அது பட்டப்பகல். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் யாரையும் இருக்க விடுவதில்லை. மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம் வேறு. மணலும் உப்பும் லென்ஸில் அப்பிக்கொள்ளும். கடைசியில் பாக் விரிகுடாப் பக்கம் அரியமான் கடற்கரை என்று முடிவானது. கடல் குளம் மாதிரி கிடந்தது, பின்னால் சவுக்குத் தோப்பு காற்றைத் தடுத்தது. காவல்துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டே போனோம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. அதனால் ட்ரோனை யாரும் எடுத்துவரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

அன்றைய நேரக்கணக்கு பலருக்கும் மனப்பாடம். இரவு 8.58க்குப் பூமியின் மங்கலான வெளி நிழலான புறநிழல் தொட்டது. அது கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கும் அநேகமாகத் தெரியாது. 9.57க்கு இருண்ட உள் நிழலான கருநிழல் கடிக்கத் தொடங்கியது. 11.01 முதல் 12.22 வரை முழுமை, அதாவது நிலவு முழுக்கக் கருநிழலுக்குள். 1.26க்குக் கருநிழல் முழுக்க விலகியது. நடுவில் மேகம் வந்து வந்து போனது. முழுமையின் பிற்பாதியில் வானம் நன்றாகத் திறந்துகொண்டது; சிவந்த நிலவுக்குக் கிழக்கே சற்றுத் தள்ளிச் சனி நின்றதைப் பைனாகுலர் இல்லாமலே எல்லோரும் பார்த்தோம்.

நமக்குத் தொழிலே படம் எடுப்பதுதான். என்றாலும் கல்யாண மண்டபத்தில் கைகொடுக்கும் பழக்கம் எதுவும் இங்கே கைகொடுக்காது. கேமராவை ஆட்டோ மோடில் வைத்தால், கறுப்பு வானத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்து நிலவை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். முழு நிலவு வெயிலில் கிடக்கும் பாறைதான், சென்சாரின் உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்கு போதும். முழுமையில் அதே நிலவுக்கு ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 5.6, அரை நொடி வரை தேவைப்பட்டது. வெளிச்சம் ஆயிரக்கணக்கான மடங்கு இறங்கிவிடுகிறது. அரை நொடிக்கு மேல் போகலாமா என்றால், நிலவோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லாமல் முடியாது. பூமி சுற்றுவதால் நிலவு நொடிக்கு 15 வில்நொடி (ஒரு டிகிரியில் 240இல் ஒரு பங்கு) நகர்கிறது, 600 மி.மீ. லென்ஸில் ஒரு நொடி திறந்தாலே விளிம்பு இழுபட்டுவிடும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, வரும் நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்வதே மேல்.

சென்சாரில் விழும் நிலவின் அளவு, லென்ஸின் குவியத்தூரத்தில் ஏறக்குறைய 110இல் ஒரு பங்கு. நாம் எல்லோரும் வைத்திருக்கும் 70–200 லென்ஸில் நிலவு இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. இதைப் பயிற்சி நாளில் கரும்பலகையில் எழுதிப் போட்ட பிறகுதான், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு 600 மி.மீ. லென்ஸை வாடகைக்கு எடுக்கும் யோசனை வந்தது.

கடற்கரை மணலில் ஸ்டாண்டு கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். தங்கச்சிமடத்து உறுப்பினர் ஒருவர் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். கால் வழுக்காமல் இருக்கச் சிரட்டையின் கண்ணில் ஸ்டாண்டின் முனையைப் பொருத்தினார். இரவு முழுக்க அவருடைய ஃப்ரேம் நகரவில்லை. முழுமை வருவதற்கு முன்பே, நிலவு வெளிச்சமாக இருக்கும்போது லைவ் வியூவில் பெரிதாக்கி, விளிம்பை வைத்து ஃபோகஸ் பிடித்து, ரிங்கில் செலோ டேப் ஒட்டியவர்கள் தப்பித்தார்கள். ஆட்டோ ஃபோகஸை நம்பியவர்களின் லென்ஸ் இருட்டில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டி, கேமரா திருத்தாத ரா ஃபைலில் எடுக்கச் சொல்லியிருந்தோம். அப்படி எடுத்தவர்களுக்குத்தான், முழுமை தொடங்கும் நேரத்தில் சிவப்பின் ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு கிடைத்தது. சூரிய ஒளி பூமியின் காற்றைக் கடந்து வளைந்து போகும்போது நீலம் சிதறிச் சிவப்பு மிஞ்சுவதால்தான் நிலவு சிவக்கிறது. ஆனால் ஓசோன் அடுக்கு வழியாகப் போகும் ஒளியில் சிவப்பு உறிஞ்சப்படுவதால் விளிம்பில் மட்டும் நீலம் தெரிகிறது.

சாப்பாட்டு விஷயம். கிரகணத்தில் சாப்பிட மாட்டோம் என்றவர்கள் ஒன்பது மணிக்குள் இட்லியை முடித்துக்கொண்டார்கள். சிலர் வீட்டிலிருந்து தர்ப்பைப் புல் போட்ட தூக்குச்சட்டியே வந்தது. கீழக்கரை உறுப்பினர்கள் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடித்து, முழுமை தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காக இடம் பிடித்து வைத்திருந்தோம். ராகுவும் கேதுவும் கடலுக்குள் கல்லாக நிற்கும் தேவிபட்டினத்துக்காரர்கள் டெலஸ்கோப்பில் நிழலின் வளைந்த ஓரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

இனி சண்டைக்கு வருகிறேன். மறுநாள் காலையிலேயே வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது: புதிய பாம்பன் பாலத்தின் தூக்கு கோபுரங்களுக்கு நடுவே கச்சிதமாக உட்கார்ந்த பெரிய சிவப்பு நிலவு. எடுத்தவர் நம் உறுப்பினர்தான், பெயர் இங்கே வேண்டாம். பலரும் போன் செய்து பாராட்டினார்கள். படம் அழகுதான். ஆனால் அன்று இரவு முழுமையின்போது நிலவு நம் தலைக்கு மேலே 65 டிகிரிக்கும் அதிக உயரத்தில் இருந்தது. கருநிழல் கடிக்கத் தொடங்கியபோதே 50 டிகிரியைத் தாண்டியிருந்தது. அதைப் படம் பிடிக்க மணலில் குத்தவைத்து, ஸ்கிரீனைத் திருப்பி, கழுத்து வலிக்க நின்றவர்கள் நாம். அந்த நிலவு 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த பாலத்துக்கோ, 1914இல் கட்டிய பழைய பாலத்துக்கோ பக்கத்தில்கூட வந்திருக்க முடியாது.

செயற்குழுவில் இரண்டு கட்சியானது. ஆல்பத்தில் மாப்பிள்ளையைத் தாஜ்மகால் முன்னால் நிறுத்துகிறோமே, இதில் என்ன தப்பு என்றது ஒரு கட்சி. ஆல்பம் வாங்குகிறவருக்கு அது ஒட்டு வேலை என்று தெரியும், வாட்ஸ்அப்பில் பார்க்கிறவருக்குத் தெரியாது என்றது மற்றது. நான் இரண்டாவது கட்சி. இன்றும் அதே கட்சிதான். முடிவில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: நம் கண்காட்சியில் ஒரே எக்ஸ்போஷரில் எடுத்த படம் ஒரு பிரிவு, சேர்த்த படம் இன்னொரு பிரிவு. சேர்த்த படத்தின் கீழே எந்த நேரம், எத்தனை படம் என்று எழுத வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்து ஒரே சட்டத்தில் நிலவின் பாதையைக் கோத்த படங்கள் இரண்டாவது பிரிவில்தான் வந்தன. பரிசும் அதற்கே போனது.

நிலவுக்கு முன்னால் ஒரு காட்சி, அதுவும் ஒட்டாமல் உண்மையாகவே வேண்டும் என்றவர்களுக்கு 2026 மார்ச் 3 கைகொடுத்தது. மாசிப் பௌர்ணமி, செவ்வாய்க்கிழமை. முழுமை மாலை 4.34 முதல் 5.33 வரை; அப்போது நமக்கு நிலவே உதிக்கவில்லை. ஆறே கால் தாண்டி உதித்தபோது நிழல் விலகிக்கொண்டிருந்தது, 6.48க்கு எல்லாம் முடிந்துவிடும். சிவப்பு நிலவுக்கு ஆசைப்பட்டவர்கள் வரவில்லை. வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்துக் கூட்டத்தை விட்டு விலகிச் சங்குமால் பக்கம் நின்றோம். கரையோர மங்கலைத் தாண்டி நிலவு தெரியச் சில நிமிடம் பிடித்தது. மேற்புறம் கடிபட்ட நிலவு, கீழே நங்கூரமிட்ட நாட்டுப்படகுகள், அந்தி வெளிச்சம் இன்னும் போகாத வானம். படகுகளிலிருந்து எவ்வளவு தூரம் பின்வாங்கி நின்றார்களோ, அவ்வளவு பெரிதாக நிலவு படகின் மேல் அமர்ந்தது. ஒட்டு வேலை எதுவும் தேவைப்படவில்லை. பாலம் படத்தை எடுத்த அதே உறுப்பினரின் படம்தான் அன்று எல்லாவற்றிலும் சிறந்தது என்பதையும் இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

நம் ஊரில் தெரியும் அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு. முழுமை ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குச் சற்று முன்பு முடியும். புத்தாண்டு இரவுக்கு ஹோட்டல்களும் தேவாலயங்களும் இரண்டு ஆண்டுக்கு முன்பே நம்மைக் கேட்கப்போவதில்லை. ஆனாலும் யாராவது கேட்டால், பதினொரு மணிக்குப் பிறகு வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

வரவு செலவுக் கணக்கை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்