ஊமை வேறு, பேச்சிழப்பு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் பற்றிய கட்டுரையில், வலக்கை விழுந்துபோனவர் 'ஊமையாகிவிட்டார்' என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு வந்திருப்பது அஃபேசியா; தமிழில் பேச்சிழப்பு எனலாம்.

ஊமை பழைய சொல். புறநானூற்று 28ஆம் பாடலில் 'ஊமும் செவிடும்' வருகிறது. குறுந்தொகை 58இல் கையில்லாத ஊமன் ஒருவன், வெயிலில் உருகும் வெண்ணெயைக் கண்ணாலேயே காவல் காக்கிறான். ஊமைக்காயம் என்றாலும் உள்ளே இருப்பது வெளியே தெரியாதது என்றுதான் பொருள். பேச்சிழப்பில் நாக்கும் குரலும் சரியாகவே இருக்கலாம். மூளையில் சொல்லைத் தேடி எடுக்கும் இடம் அடிபட்டிருக்கும்.

பாரிசில் லெபோர்ன் என்பவருக்கு 'டான், டான்' தவிர வேறெதுவும் வராது. கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுசாக வரும். 1861இல் அவர் இறந்ததும் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பால் புரோக்கா, இடது முன்பகுதியில் சிதைவைக் கண்டு, இந்நிலைக்கு 'அஃபெமி' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அது அவப்பெயரைக் குறிக்கும் என்று சொல்லி, 1864இல் துரூசோ என்ற மருத்துவர் 'அஃபேசி' (ஆங்கிலத்தில் அஃபேசியா) என்று மாற்றினார். புரோக்கா மறுத்தும் துரூசோவின் சொல்லே நின்றது.

ஊமை என்று நினைப்பதால்தான் வீட்டில் பேனாவையும் தாளையும் நீட்டுகிறார்கள். பெரும்பாலும் எழுத்தும் சேர்ந்தே போயிருக்கும். (வாய் குழறல் வேறு: அதில் தசைதான் பலவீனம், கை நன்றாக இருந்தால் எழுதிவிடுவார்.) 'ஆமாம்' சொல்ல வந்து 'இல்லை' என்பதும் உண்டு. அதனால் "காபி வேணுமா?" என்று கேட்டு நிறுத்தாமல், காபி டம்ளரையும் தண்ணீரையும் எதிரே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி; பிறகு பத்து வினாடியாவது காத்திருங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். காதில் கோளாறு இல்லையென்றால் கத்துவதில் பயனில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுபவர், பழகிய பாட்டைப் பாடுபவர், தன் பெயரைச் சொல்ல முடியாமல் திணறுவார். "வேணும்னே பேசமாட்டேங்கிறார்" என்று உறவினர் சொல்வது இதனால்தான். எண்ணிக்கையும் பாட்டும் மனப்பாடமாக, தொடராக வருபவை. பெயரையோ தேடித்தான் எடுக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பேச்சு, மொழிக் குறைபாட்டின் கீழ் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பாதிப்பு நிரந்தரம் என்று மருத்துவர் உறுதிசெய்தால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

பேச்சுப் பயிற்சியாளர்,
மதுரை