மாரா ஆற்றுக்கு இரண்டு இரவு போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பயணப் பகுதியில் வந்த கென்யா கட்டுரையின் படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் ‘ஆகஸ்டில் மசாய் மாரா காப்பகத்தில் இரண்டு இரவு தங்கினால் மாபெரும் இடப்பெயர்வைப் பார்த்துவிடலாம்’ என்று படிப்பவருக்குத் தோன்றும்படி அது எழுதப்பட்டிருந்தது. அதை நம்பிப் பணம் கட்டுகிறவர்களுக்காகச் சில விவரங்கள்.

இடப்பெயர்வு என்பது தேதி குறித்து நடக்கும் தேர்த்திருவிழா அல்ல. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்ட்பீஸ்டுகளும் (மாடு போன்ற தோற்றமுள்ள ஒரு வகை மான்), கூடவே வரிக்குதிரைகளும் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுக்கச் சுற்றிவருகின்றன. அந்தச் சுற்றில் பெரும்பகுதி தான்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளியில்தான். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை தெற்கே ந்டுட்டு சமவெளியில் குட்டி ஈனும் காலம். எரிமலைச் சாம்பல் படிந்த மண் என்பதால் அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் தாதுச்சத்து அதிகம். பால் கொடுக்கும் தாய்களுக்கு அது தேவை. ஜூன் வாக்கில் குருமெட்டி ஆற்றைக் கடக்கும், ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கும், நவம்பரில் மறுபடி தெற்கு. மழை முன்பின் ஆனால் இந்தக் கணக்கும் முன்பின் ஆகும். பிப்ரவரியில் விடுப்புக் கிடைப்பவர் வருத்தப்படத் தேவையில்லை, ந்டுட்டு போகலாம். குட்டிகளைத் தேடிச் சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் வருவதால் வேட்டையைப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை.

இனி, பயண முகவர்கள் விற்கும் அந்த ‘மூன்று பகல், இரண்டு இரவு’. நைரோபியிலிருந்து நரோக் நகர் வழியாகக் காப்பகத்தின் செகெனானி வாயிலுக்குச் சாலையில் ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். காலையில் கிளம்பினால் விடுதியில் மதியச் சாப்பாடு. மாரா காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100. அந்தச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரத்துக்குத்தான் செல்லும். விடுதி வாயிலுக்கு வெளியே இருந்தால் உள்ளே போகும் ஒவ்வொரு நாளுக்கும் தனிச் சீட்டு. விலையைக் குறைத்துக் காட்ட முகவர் என்ன செய்வார்? முதல் நாள் மாலைச் சுற்றையும் மூன்றாம் நாள் காலைச் சுற்றையும் சத்தமில்லாமல் வெட்டிவிடுவார். மூன்று நாள் என்று வாங்கியதில் காட்டுக்குள் இருப்பது ஒரே நாள். ஆகவே ‘எத்தனை நாள் பயணம்’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனை நாள் காப்பகக் கட்டணம் சேர்த்திருக்கிறீர்கள், விடுதி வாயிலுக்கு உள்ளா வெளியா’ என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளே தங்குபவர் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேறினால் அன்றைக்குக் கட்டணம் இல்லை.

மந்தை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு ஒரு நாள் ஏன் போதாது? மந்தைக்குத் தலைவன் கிடையாது. கரையில் மணிக்கணக்கில் குவிந்து நிற்கும். முன்னால் நிற்பது தயங்கினால் மொத்தமும் திரும்பிவிடும். முதலையைவிடப் பெரிய தடை நம் வண்டிகள்தான். விலங்குகள் கரையேற வேண்டிய இடத்தில் முண்டியடித்து நின்றால் மந்தை பின்வாங்கும். முதல் சில விலங்குகள் தண்ணீரில் இறங்கும்வரை வண்டியைத் தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள். ‘இன்னும் கிட்டப் போ’ என்று ஓட்டுநரை நெருக்குவதும் நம்மவர்தான், காட்சி கெட்டது என்று குறைப்படுவதும் நம்மவர்தான். மூன்று முழு நாள் இருந்தால் வாய்ப்பு உண்டு. உறுதி யாராலும் தர முடியாது.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று: மாரா ஆறு தான்சானியாவிலும் ஓடுகிறது. வட செரங்கெட்டியின் கோகாடெண்டே பகுதியில் இதே மாதங்களில் இதே காட்சியைப் பார்க்கலாம். செரங்கெட்டிக் கட்டணம் வரியுடன் சுமார் 83 டாலர், 24 மணி நேரத்துக்கு. ஆனால் அருஷா நகரிலிருந்து ஒரே நாளில் சாலையில் போக முயல வேண்டாம். நடுவே, செரங்கெட்டியின் மையத்தில் உள்ள செரோனெராவில் ஓர் இரவு தங்குங்கள், இல்லாவிட்டால் சிறு விமானம். அதில் கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏறாது. மாராவும் செரங்கெட்டியும் ஒட்டிக் கிடந்தாலும் இடையே சுற்றுலா வண்டிக்கு வழி இல்லை. 1977இல் மூடிய பாதை அது. இசெபானியா எல்லைச் சாவடி வரை சுற்றிப்போய் வண்டி மாற வேண்டும். அதற்கே ஒரு பகல் போய்விடும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கட்டுரை ஒற்றை வரியில் முடித்துவிட்டது. மஞ்சள் காமாலையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம், இரண்டும் வேறு. இந்தியாவிலிருந்து நேரே போகும்போது இதை யாரும் கேட்காமல் விடலாம். சிக்கல் திரும்பும்போதுதான். கென்யா இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்குபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும்; ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படியொரு மையம். 60 வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். மலேரியா மாத்திரை தனி. டாக்ஸிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பின்னும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். காய்ச்சல் வரவில்லையே என்று பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு.

உடை விஷயத்தில் கட்டுரையாளர் ‘அடர் நிறம் நல்லது’ என்கிறார். கருப்பும் கருநீலமும் செட்ஸி ஈக்களை இழுக்கும் நிறங்கள். துணிக்கு மேலேயே கடிக்கும். காக்கி, மங்கிய பச்சை போதும். ஜூலைக் காலையில் திறந்த கூரை வண்டியில் குளிர் நடுக்கும் என்பதால் ஸ்வெட்டர் அவசியம். புளிக்காய்ச்சலையும் பருப்புப்பொடியையும் கேரி பேக்கில் சுற்றிக் கொண்டுபோக வேண்டாம்: கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. கென்யக் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் பாட்டிலை எடுத்துப் போங்கள், விடுதியில் நிரப்பிக்கொள்ளலாம்.

வாசகர்,
மதுரை