பூட்டி வைக்கும் முன் அந்த நாவலைப் படித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு பள்ளி நூலகத்தில் இருந்த நாவல் ஒன்றை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாரோ அட்டையைப் படம் பிடித்துப் போட்டு, பேய்க்கதை, சாவுக்கதை, பிள்ளைகள் மனசு கெட்டுப்போகும் என்று எழுத, அதற்குக் கீழே வரிசையாக ஆமாம் ஆமாம் என்று பதில் விழ, மறுவாரம் பார்த்தால் புத்தகம் தட்டில் இல்லை. ஆமாம் போட்டவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்?

நாவலின் பெயர் 'எ மான்ஸ்டர் கால்ஸ்'. ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளர் மனதில் போட்டு வைத்திருந்த கதை இது. அவர் 2007-இல் புற்றுநோயில் இறந்துபோக, பேட்ரிக் நெஸ் என்ற இன்னொரு எழுத்தாளர் அந்தக் கருவை எடுத்து எழுதி 2011-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் எழுத்துக்கான கார்னகி பதக்கம், ஜிம் கே வரைந்த படங்களுக்கான கேட் கிரீன்அவே பதக்கம் இரண்டும் கிடைத்தன. பரிசு வாங்கியதாலேயே நம் பிள்ளைகளுக்கு ஏற்றதாகிவிடாது, சரி. அதனால் கதைக்கே வருகிறேன்.

கோனருக்கு 13 வயது. அம்மாவுக்குப் புற்றுநோய், அப்பா அமெரிக்காவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். ஒருநாள் நள்ளிரவு தாண்டி 12:07-க்கு, வீட்டுக்குப் பின்னால் தெரியும் யூ என்ற ஊசியிலை மரம் ராட்சசனாக எழுந்து வந்து அவனைக் கூப்பிடுகிறது. நான் மூன்று கதை சொல்வேன், நான்காவதை நீதான் சொல்லவேண்டும், அது நீ மறைத்து வைத்திருக்கும் உண்மையாக இருக்கவேண்டும் என்கிறது. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்லிவிட்டு, கடைசியில் இக்கட்டான கேள்வி போடும் வேதாளத்தை அறிந்த நமக்கு இதில் என்ன புதுசு? இந்த மரத்தின் கதைகளிலும் நல்லவர் யார் கெட்டவர் யார் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. அப்புறம், அந்த யூ மரத்தைப் பேய்மரம் என்று எழுதியவருக்கு ஒன்று: புற்றுநோய்க்குக் கொடுக்கும் பக்லிடாக்சல் மருந்தை முதலில் பிரித்தெடுத்ததே ஒருவகை யூ மரத்தின் பட்டையிலிருந்துதான். நாவலிலும் அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து யூ மரத்திலிருந்து வருவதே.

இருட்டான கதை பிள்ளைகளுக்கு ஆகாது என்றால் நாம் எதைக் கேட்டு வளர்ந்தோம்? தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் உட்கார்ந்து பாட்டிமார் சொன்ன நல்லதங்காள் கதையில் பெற்ற தாயே ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளுகிறாள். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வராத கதையையும் அதே வாசலில்தான் கேட்டோம். பயந்தோம், ஆனால் பக்கத்தில் பாட்டி இருந்தார். அந்தப் பாட்டி இன்றைக்குப் பல வீடுகளில் இல்லை, பிள்ளை தனியாகக் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கவலை அதில்தான்.

நாவலில் பெற்றோர் யோசிக்கவேண்டிய இடங்கள் இருக்கின்றன, நான் மறைக்கவில்லை. கோனர் பாட்டி வீட்டு வரவேற்பறையை நொறுக்குகிறான். தன்னை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருந்த பையனை மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு அடிக்கிறான். இவற்றைவிடக் கனமானது அந்த நான்காவது கதை. அம்மா பிழைக்கமாட்டார் என்று அவனுக்கு எப்போதோ தெரியும், இந்த வேதனை எப்படியாவது முடிந்தால் போதும் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறான், அப்படி நினைத்ததற்காகத் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டிருக்கிறான்.

என் அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்த சமயத்தில் அண்ணன் மகள் படிவம் ஒன்றில் (இடைநிலைப்பள்ளி முதலாண்டில்) இருந்தாள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவது, முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவது எல்லாம் அவளும் செய்வாள். இந்த நாவலின் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு அடுக்களைக்கு வந்தவள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பலகையையே பார்த்தபடி, "அத்தே, பாட்டி சீக்கிரம் போயிட்டா நல்லதுன்னு எனக்கும் ஒருநாள் தோணிச்சு, அது பாவமா?" என்றாள். எத்தனை நாளாக அதை வைத்துக்கொண்டு தவித்தாளோ! பாவமில்லை, எனக்கும் தோன்றியது என்று சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரும் அழுதோம். நாங்கள் யாரும் அவளிடம் கேட்காததை அந்தப் புத்தகம் கேட்டிருக்கிறது.

ஆகவே என் கருத்து இது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். இந்த நாவலை வைத்து 2016-இல் வந்த திரைப்படத்தையும் கார்ட்டூன் என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டவேண்டாம். படிவம் ஒன்றிலிருந்து தாராளமாகப் படிக்கலாம். வீட்டில் யாராவது நோயில் இருந்தால், அல்லது அண்மையில் இறந்திருந்தால், பெரியவர் ஒருவர் முதலில் படித்துவிட்டு அப்புறம் கொடுக்கட்டும், பிள்ளை பாதியில் மூடி வைத்தால் கட்டாயப்படுத்தவேண்டாம்.

பள்ளி நிர்வாகம் நாவலை மீண்டும் தட்டில் வைத்து, எந்தப் படிவத்திலிருந்து படிக்கலாம் என்று உள்ளட்டையில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டினால் போதும். குழுவில் பதில் போட்ட பெற்றோர்கள் படிக்க விரும்பினால் என்னிடம் சொந்தப் பிரதி இருக்கிறது, குழுவிலேயே கேட்டால் கொண்டுவந்து தருகிறேன். படித்த பிறகும் வேண்டாம் என்று சொன்னால், எந்தப் பக்கம், ஏன் என்று எழுதுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.